அந்த 18 சதவீதம் யாருடையது?

எனக்கு ஊர் மதுரை செல்லூர். பெங்களூரு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சாப்ட்வேர் டெஸ்டிங் பார்த்து வந்தேன். ஒருநாள் காலை டீம் வாட்ஸ்அப் குரூப்பில் மேலாளர் ஒரு செய்தி அட்டையைப் போட்டார். சிவப்புக் கொட்டை எழுத்தில் 'வீட்டிலிருந்து வேலை: உற்பத்தித்திறன் 18% சரிவு'. அதற்குக் கீழே ஒரு வரிகூட இல்லை. பத்தே நாளில், எல்லாரும் அலுவலகம் வரவேண்டும் என்று மெயில் வந்தது. "வீட்ல இருந்தா வேலை ஓடாதாமேப்பா, டிவில சொல்றான்" என்று சின்னம்மாவும் போன் செய்தார்.

மனசு கேட்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து மூல ஆய்வைத் தேடிப் பிடித்தேன். 2023-ல் வந்தது, நடந்த இடம் நம் சென்னை. டேட்டா என்ட்ரி வேலைக்குப் புதிதாக எடுத்தவர்களில், யார் வீட்டில், யார் அலுவலகத்தில் என்பதைக் குலுக்கல் போலப் பிரித்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவீதம் குறைந்தது. நல்ல ஆய்வுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'டேட்டா என்ட்ரி' என்ற சொல் அந்த அட்டையில் எங்குமே இல்லை.

அப்புறம் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதே நல்லது என்கிற நம் பக்கத்து ஆட்கள் சொல்லும் 'உற்பத்தித்திறன் 13% கூடியது' கதையையும் பார்த்தேன். அது ஷாங்காயில் ஒரு பயண நிறுவனத்தின் கால் சென்டர். 2010 டிசம்பரில் தொடங்கி 9 மாதம், 249 பேர். எல்லாரும் தாங்களாக முன்வந்தவர்கள். வீட்டில் தனி அறை இருந்தால்தான் சேர்த்துக்கொண்டார்கள். அந்த 13-லும் 9 போல, இடைவேளையும் லீவும் குறைந்து கூடுதல் நேரம் உட்கார்ந்ததால் வந்தது. அழைப்புகளை வேகமாக முடித்ததால் வந்தது 4 தான்.

தனி அறைக்கு எங்கள் வீட்டில் எங்கே போவது? சுவருக்கு அந்தப் பக்கம் தறி. மீட்டிங்கில் மைக்கை ஆன் செய்தால் என் குரலுக்கு முன்னால் தறிச்சத்தம்தான் போகும். இரவு எட்டு மணிக்குத் தறி நின்ற பிறகுதான் கவனம் வேண்டிய வேலையை எடுப்பேன். அதை இந்த இரண்டு எண்ணிலும் எங்கே சேர்ப்பது?

மேலாளருக்கு எழுதினேன்: "சார், நம் டீம் கணக்கையே எடுங்கள். எத்தனை பிழை பிடித்தோம், எத்தனை நம் கண்ணுக்குத் தப்பி வாடிக்கையாளரிடம் போனது?" மேலிடத்து முடிவு என்று பதில் வந்தது. இதை பெங்களூரில் பிஜி எனப்படும் வாடகை விடுதி அறையில் இருந்துதான் எழுதுகிறேன்.

*

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஊர் மேலூர். எங்கள் ஆபீஸ் பற்றி '70% ஊழியர்கள் அலுவலகத்தையே விரும்புகிறார்கள்' என்று பேப்பரில் வந்தது. நாங்கள் 40 பேர். கருத்துக் கேட்கும் க்யூஆர் கோடை கேன்டீன் வாசலில் ஒட்டியிருந்தார்கள். வீட்டிலிருந்து பார்க்கிறவன் கேன்டீனுக்கு எப்படிப் போவான்? பதில் போட்டது 10 பேர், அதில் 7 பேர் ஆமாம் என்றார்கள். வெளியூரில் இருந்த எங்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே பேப்பர் பார்த்துத்தான் தெரியும். எத்தனை பேரிடம் கேட்டார்கள், எங்கே வைத்துக் கேட்டார்கள் என்று அந்தப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.