கவலையோடு ஜெபித்தாலும் சமாதானம் வரவில்லையே?

கேள்வி: ஸ்தோத்திரம். கடன், வேலை நெருக்கடி. ஜெபத்தில் உட்கார்ந்தாலும் அதே கவலைதான் ஓடுகிறது. "கவலைப்படாமல், ஸ்தோத்திரத்தோடு (நன்றியோடு) ஜெபியுங்கள், தேவசமாதானம் உங்களைக் காக்கும்" என்கிற பிலிப்பியர் 4:6-7ஐ எப்படிக் கடைப்பிடிப்பது?

பதில் 1: பிரதர், அப்போஸ்தலன் பவுல் அந்த நிருபத்தைக் காவலில் இருந்தபடி எழுதினார், கட்டுகள் அவிழவில்லை. பிரச்சினை தீர்ந்தால்தான் சமாதானம் என்று காத்திருப்பதே பலருக்கும் இடறல். "கஷ்டத்தை நீக்கும்" என்று பொதுவாகக் கேட்காமல், எந்தக் கடன், எந்தத் தேதி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஸ்தோத்திரத்தையும் கூடவே வையுங்கள். அந்த வசனம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. 8ஆம் வசனத்தை விட்டுவிடாதீர்கள். ஜெபம் முடிந்ததும் மனம் எதைச் சிந்திக்க வேண்டும் என்பது அங்கேதான் இருக்கிறது.

பதில் 2: துதி வாயில் வராத நாளில் சங்கீதம் 13ஐச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் நாலு முறை "எதுவரைக்கும்" என்ற முறையீடு, அடுத்த இரண்டில் விண்ணப்பம், அதன்பிறகே நம்பிக்கையும் பாட்டும். முறையீட்டைத் தாண்டிக் குதித்தால் துதி வெறும் உதட்டளவில் நின்றுவிடும். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில் உள்ள ஜெபம்தான்.

பதில் 3: தூக்கம், சாப்பாடு சரியா? 1 இராஜாக்கள் 19இல் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் முதலில் தந்தது அடையும் தண்ணீரும். மறுபடி தூங்கவிட்டு, இரண்டாம் முறையும் சாப்பிடச் சொன்னான். தேவன் பேசிய மெல்லிய சத்தம் பிறகுதான். வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் மருத்துவரையும் பாருங்கள், அது அவிசுவாசம் இல்லை.