கடற்படை விமானிகள் ஏன் இடையில் விலகுகிறார்கள்?

மண்டபத்துக்காரர் (கேள்வி):
உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளத்தின் டோர்னியர் என்னும் சிறிய கண்காணிப்பு விமானங்களைப் பார்த்தே வளர்ந்த என் அண்ணன் மகள், குறுகியகாலப் பணியில் கடற்படை விமானியாகச் சேர விரும்புகிறாள். படைகளில் விமானிகள் போதவில்லை என்கிறார்கள். பயிற்சி பெற்றவர்களோ தனியார் விமான நிறுவனங்களுக்குப் போகிறார்களாம். சம்பளத்தை உயர்த்தினால் இது தீராதா?

முன்னாள் கடற்படையர், ராமநாதபுரம்:
ஐயா, பணத்தால் மட்டும் தீர்வதாக இருந்தால் அமெரிக்காவில் என்றோ தீர்ந்திருக்கும். அங்கே விமானப்படை விமானி பயிற்சி முடித்த பின் 10 ஆண்டுகள் கட்டாயமாகப் பணியாற்ற வேண்டும். அதற்கு மேலும் தங்குபவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை ஊக்கத்தொகை உண்டு. இருந்தும் பற்றாக்குறைப் பேச்சு ஓயவில்லை. பறக்கும் வாய்ப்பு குறைந்து மேசை வேலை கூடுவதும், ஓயாத இடமாற்றமும், பிள்ளைகள் ஊருக்கு ஊர் பள்ளி மாறுவதும், கணவனோ மனைவியோ தம் வேலையைக் கைவிட நேர்வதும்தான் பலரை வெளியே தள்ளுகின்றன. காணாமல் போன மீன்பிடிப் படகைத் தேடிப் பாக் நீரிணையின் மேல் தாழப் பறக்கும்போது, மூட்டத்தில் கடலும் வானும் ஒன்றாகித் தொடுவானம் மறைந்துவிடும். அப்போது கண்ணை நம்பாமல் கருவிகளை நம்பிப் பறக்கப் பழகியவர் ஓரிரு ஆண்டுகளில் உருவாவதில்லை. அவர் விலகினால் அடுத்தவருக்குக் கற்றுத்தரும் ஆசிரியரையும் சேர்த்தே இழக்கிறோம்.

பரமக்குடி வாசகர்:
விலகலை மட்டும் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. இந்திய விமானப்படையில் 2015 பிப்ரவரியில் 486 ஆக இருந்த விமானி பற்றாக்குறை, 2021 இறுதியில் 596 ஆக உயர்ந்ததாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சொல்கிறது. ஆண்டுக்கு 222 பேரைப் பயிற்சிக்குச் சேர்க்கத் திட்டமிட்டு, அந்த எண்ணிக்கையை எட்டவில்லை என்பதும் அதிலேயே உள்ளது. வரும் வாய்க்காலே மெலிந்திருக்கும்போது மடையை மட்டும் அடைத்து என்ன பயன்?

முன்னாள் கடற்படையர், ராமநாதபுரம்:
நியாயமான திருத்தம். ஆனால் சேர்க்கையைக் கூட்டினாலும் பயிற்றுநர்கள் வேண்டுமே; அவர்கள் அனுபவசாலிகளிடமிருந்துதான் வர வேண்டும். ஆகவே இரண்டும் ஒரே சிக்கல்தான்.

தங்கள் அண்ணன் மகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். குறுகியகாலப் பணி என்பது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே. நீட்டித்தால் 14 வரை போகலாம். அதிகாரிகளுக்குப் பொதுவாக 20 ஆண்டு பணி இருந்தால்தான் ஓய்வூதியம் என்பதால், அவர் அது இல்லாமலேயே முப்பதுகளின் நடுவில் வெளியே வருவார். வணிக விமானங்களிலோ 65 வயது வரை பறக்கலாம். இந்தக் கணக்கில் விமான நிறுவனத்துக்குப் போவதைப் படைக்குச் செய்யும் துரோகமாகப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விதியே அப்படித்தான் வைத்திருக்கிறது. ஹெலிகாப்டரா டோர்னியரா என்பதைச் சேரும் முன்பே அவர் யோசிக்கட்டும், ஏனெனில் டோர்னியர் போன்ற இரட்டை எஞ்சின் விமானத்தில் பறந்த மணிநேரங்கள் பயணிகள் விமானப் பணிக்கு நேரடியாகக் கைகொடுக்கும். ஆனால் எந்தப் பிரிவு கிடைக்கும் என்பது அவர் விருப்பத்தை மட்டும் பொறுத்ததல்ல.