பிரேக் பெடல் தரையைத் தொட்ட நாள்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மலைச்சாலை இறக்கம். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது நான்காம் கியரிலேயே விட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கில்தான் சமாளித்தேன். காலைப் பெடலிலிருந்து எடுக்கவே இல்லை என்று சொன்னாலும் தப்பில்லை.

முதலில் வந்தது நாற்றம். ரப்பர் கருகுவது போல ஒன்று. முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். நம் வண்டியின் நாற்றம் நமக்கு எப்போதும் அடுத்தவன் வண்டியிலிருந்துதானே வரும்! அப்புறம் பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகப் போனது. இரண்டு வளைவு தாண்டியதும் பஞ்சை மிதித்த மாதிரி மெத்தென்று இறங்கி, தரையைத் தொட்டுவிட்டது. வண்டி நிற்கவில்லை.

விட்டு விட்டு வேகமாக நாலைந்து முறை மிதித்தேன். கொஞ்சம் பிடித்தது. மூன்றாம் கியர், உடனே இரண்டாம் கியர். இன்ஜின் கத்தியது, கத்தட்டும் என்று விட்டேன். ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல மெல்ல இழுத்தேன். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். சாலை கொஞ்சம் சமமான ஓர் இடத்தில் ஓரமாக நின்றது.

விஷயம் இனிமேல்தான். அரை மணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால், பெடல் ஒன்றுமே நடக்காதது போல உறுதியாக இருந்தது! வீட்டில் "நீதான் பதறிவிட்டாய்" என்றார்கள். நானும் பாதி நம்பிவிட்டேன்.

நம்பாதவர் மெக்கானிக்தான். பிரேக் ஆயிலைக் கொஞ்சம் வெளியே எடுத்துக் காட்டினார். புதிதில் இளமஞ்சளாக இருக்க வேண்டியது, கெட்டிப் பழுப்பு. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். வாங்கி நாலு வருஷம், ஒருமுறைகூட இல்லை. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளுமாம். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். நான் மிதித்த மிதியில், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் பழுத்து, அந்தச் சூடு பேடை அழுத்தும் காலிபருக்குள் இருந்த ஆயிலைக் கொதிக்க வைத்துவிட்டது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால்தான் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவிக் குமிழியோ அழுத்தினால் சுருங்கிவிடும். ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிறது, பெடலும் திரும்பி வருகிறது. அடுத்த இறக்கத்தில் கதை முதலிலிருந்து தொடங்கும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

நல்லவேளை, பிழைத்தீர்கள். பல வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, பெடல் எப்படி இருந்தது என்றுதான். உள்ளே அமுங்கிப் போனதென்றால் ஆயிலோ, காற்றோ, கசிவோ. பெடல் உறுதியாக நின்றும் வண்டி நிற்கவில்லையென்றால் பேடு அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழந்திருக்கிறது. பெடல் கல் மாதிரி இறுகிவிட்டதென்றால், கால் கொடுக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரைப் பாருங்கள். அதை நீங்களே சோதிக்கலாம்: இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள், கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொன்னால், "வண்டி அதிகம் ஓடவே இல்லையே" என்பார்கள். ஓடாத வண்டியிலும் ஆயில் ஈரம் குடிக்கும் சார்.

*

கல் மாதிரி பெடல் என்றதும் எனக்கு வியர்க்கிறது. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு நீண்ட இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டினேன். முதல் இரண்டு மிதி சரியாகத்தான் இருந்தது, மூன்றாவதில் கால் உள்ளே போகவில்லை. பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் ஓடும் இன்ஜினிலிருந்து வருகிறது, சேமிப்பில் இருந்தது இரண்டு மிதிக்குத்தான் போதுமாக இருந்தது. ஸ்டியரிங்கும் சேர்ந்து கனத்தது. இரண்டு காலாலும் மிதித்து நிறுத்தினேன். பிறகுதான் தெரிந்தது, இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டாலே எரிபொருள் தானாக நின்றுவிடுமாம். மிச்சமும் இல்லை, பிரேக்கும் இல்லை.

*

என் கதையில் ஆபத்து ஒன்றும் இல்லை, அசட்டுத்தனம் மட்டும்தான். பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறையக் குறைய ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தேன், பெரிய பராமரிப்பு செய்கிற நினைப்பில். பேடு தேயும்போது அதைத் தள்ளும் காலிபர் பிஸ்டன் வெளியே வரும், அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அதாவது 'பேடைப் பார்' என்று டப்பா சொன்னது, நான் அதன் வாயை அடைத்தேன்.

அப்புறம் கீச்சென்று ஒரு சத்தம். பேடு தேய்ந்து 2, 3 மி.மீ.க்கு வந்ததும் டிஸ்க்கில் உரசுவதற்கென்றே அதில் ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். சில வாரத்தில் கீச்சு போய்க் கரகரப்பு வந்தது, இரும்போடு இரும்பு. டிஸ்க்கிலும் பள்ளம், அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. புதுப் பேடு போட பிஸ்டனை உள்ளே தள்ளினார்கள், நான் நிரப்பி வைத்ததெல்லாம் பொங்கி வழிந்தது. அந்த ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்க வேண்டும், யாருக்கும் தோன்றவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது.

*

மழை இரவுக்கு அடுத்த காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு வரும் சரசரப்பை நினைத்துப் பயப்படாதீர்கள், டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு அது. எனக்கு வந்த தொல்லை வேறு. பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கம் இழுத்தது, அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தும் தீரவில்லை. ஒருநாள் வண்டியை நிறுத்தி, வலது முன்சக்கரத்தைத் தற்செயலாகத் தொட்டேன். சில்லென்று இருந்தது. இடது சக்கரத்தைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன். வலது காலிபர் நகர்ந்து பிடிக்க உதவும் 'பின்' என்ற சின்னக் கம்பி துருவேறி இறுகிப்போய், அந்தப் பக்கம் சரியாகப் பிடிக்கவே இல்லை. பாவம், இடது பக்கம்தான் இத்தனை நாள் இரட்டை வேலை பார்த்திருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் தடவியதும் சரியாகிவிட்டது. விரல் ஆறத்தான் ஒரு வாரம்.

*

ஏபிஎஸ், அதாவது அவசரமாக மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, அதைப் பற்றி ஒரு வரி. ஈரச் சாலையில் அவசரமாக மிதித்தபோது பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது, ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிட்டேன். அந்த அதிர்வுதான் ஏபிஎஸ் வேலை செய்வது. காலை எடுக்கவே கூடாது. முன்னால் இருந்த வண்டியின் பம்பர்தான் பாடம் சொல்லிக் கொடுத்தது.

*

முதலில் எழுதியவன்தான். எல்லோருக்கும் நன்றி, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்த அண்ணனுக்குக் கூடுதலாக. ஆயிலை முழுதும் மாற்றி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, மாற்றிய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் அதே சாலையில் இறங்கினேன். இந்த முறை இரண்டாம் கியர், வளைவுக்கு முன்னால் ஒரே அழுத்து, உடனே காலை எடுத்தல். பின்னால் வந்தவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், ஓரங்கட்டி வழிவிட்டேன். அடிவாரத்தில் இறங்கி நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையை நீட்டிப் பார்த்தேன், தொடாமல்தான். வெதுவெதுப்பு மட்டும்.