கெர்னல் அப்டேட்டில் பூல் காலியாகுமா? டெபியனா, ட்ரூநாஸா?

முனையம்:
"டேட்டா மேல் அக்கறை உள்ளவர் ட்ரூநாஸ்தான் போடுவார். டெபியனில் ஒரு கெர்னல் அப்டேட் போதும், பூல் மொத்தமும் காலி" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. டெபியன் பொதுவான லினக்ஸ் ஓஎஸ், ட்ரூநாஸ் ஸ்டோரேஜ் சர்வருக்கென்றே வரும் ஓஎஸ். கெர்னல் என்பது ஓஎஸ்ஸின் மையப் பகுதி. பூல் என்பது இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாகத் தரும் இடம். இசட்எஃப்எஸ் லைசென்ஸ் சிடிடிஎல், லினக்ஸ் கெர்னலுடையது ஜிபிஎல். இந்த இரண்டு லைசென்ஸும் ஒத்துப்போகாது என்று கருதப்படுவதால், டெபியனில் இசட்எஃப்எஸ்ஸை இயக்கும் மாட்யூல் கெர்னலோடு சேர்ந்து வராது. ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தனியே கம்பைல் செய்ய வேண்டும். கம்பைல் தோற்றால் பூல் மவுன்ட் ஆகாது, அதாவது ஃபைல்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பழைய கெர்னலில் பூட் செய்தால் எல்லாம் அப்படியே இருக்கும். இதில் எங்கே காலி?

கருவூலம்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். காலையில் ஷேரைத் திறந்தால் ஒன்றுமே இல்லை என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது காலிதான். டிகேஎம்எஸ் லாக்கைப் படித்துக்கொண்டு உட்கார எல்லோராலும் முடியாது.

முனையம்:
மவுன்ட் ஆகாதது வேறு, அழிந்தது வேறு. டிஸ்கில் ஒரு பிட் கூட மாறவில்லை.

பழையபெட்டி:
ட்ரூநாஸின் ஸ்கேல் பதிப்புக்கு அடியில் ஓடுவதே டெபியன்தானே? பழைய கோர் பதிப்புதான் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு ஓஎஸ்ஸில் ஓடுவது. பிறகு எதற்கு இந்தச் சண்டை?

கருவூலம்:
அடியில் டெபியன் இருந்தால் என்ன? கெர்னலையும் மாட்யூலையும் சேர்த்து டெஸ்ட் செய்து ஒரே இமேஜாகத் தருகிறார்கள். சரிப்படாவிட்டால் முந்தைய பூட் என்விரான்மென்டுக்கு, அதாவது அப்டேட்டுக்கு முன்பிருந்த சிஸ்டத்துக்கு, திரும்பிவிடலாம். முனையம் சார், இதைக் கேளுங்கள். பூல் மவுன்ட் ஆகாத அன்று அந்த ஃபோல்டர் வெறுமையாக நிற்கும். இரவில் பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் வழக்கம்போல் டெலிட் ஆப்ஷனோடு ஓடும். மூலத்தில் ஒன்றுமில்லை என்று பேக்கப்பில் இருப்பதையும் துடைத்துவிடும். இப்போது சொல்லுங்கள், காலியா இல்லையா?

முனையம்:
அது ஸ்கிரிப்ட் எழுதியவர் செய்த தப்பு. மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று ஒரு வரி சோதனை போட்டால் தீர்ந்தது. அப்போதும் பூல் காலியாகவில்லை, போனது பேக்கப்தான். உங்கள் ட்ரூநாஸில் மென்பொருள் இன்ஸ்டால் செய்யும் ஏபிடி முடக்கப்பட்டிருக்கிறது. மீறி ஏதாவது இன்ஸ்டால் செய்தால் அடுத்த அப்கிரேடில் அது இருக்காது. என் சர்வரில் என்ன ஓட வேண்டும் என்று நான்தான் முடிவு செய்வேன்.

சுழல்தட்டு:
இரண்டு பேருமே பிழையைத் தானே திருத்தும் ஈசிசி மெமரி பற்றிப் பேசவில்லையே? அது இல்லாத இசட்எஃப்எஸ்ஸில் எதைப் போட்டாலும் வீண்.

பழையபெட்டி:
வந்துவிட்டாரய்யா! எந்தத் திரியிலும் இவருக்கு ஈசிசிதான். போனமுறை இதே பேச்சில் என்னைக் கத்துக்குட்டி என்றீர்கள், மறக்கவில்லை. ஈசிசி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எந்த ஃபைல் சிஸ்டத்துக்கும் அதே ஆபத்துதான், இசட்எஃப்எஸ்ஸுக்கு மட்டும் தனி விதி கிடையாது.

சுழல்தட்டு:
கெட்ட மெமரியில் ஸ்கரப் (பூலில் உள்ள டேட்டா முழுவதையும் படித்துப் பிழை சரிபார்ப்பது) ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

முனையம்:
ஸ்கரப் என்றதும் நினைவு வருகிறது. டெபியனில் இசட்எஃப்எஸ் பேக்கேஜைப் போட்டாலே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தானாக ஸ்கரப் ஓடும். 'எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும்' என்று பயமுறுத்துகிறவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். அதே பூலைக் கழற்றி வேறொரு லினக்ஸ் மெஷினில் மாட்டினால், ஓப்பன்இசட்எஃப்எஸ் (லினக்ஸில் ஓடும் இசட்எஃப்எஸ்) பதிப்பு ஒத்துப்போகும்வரை ஒரே இம்போர்ட் கட்டளையில் வந்துவிடும். இவ்வளவு உறுதியான ஒன்றைக் கெர்னல் அப்டேட் காலி செய்யும் என்றால் எப்படி என்று விளக்க வேண்டாமா?

கருவூலம்:
விளக்கிவிட்டேன். ஆர்சிங்க் பற்றி எழுதியதை மறுபடி படியுங்கள்.

முனையம்:
படித்தேன். போனது பேக்கப். பூல் இல்லை.

கருவூலம்:
பேக்கப் போன பிறகு பழைய கெர்னலும் பூட் ஆகாவிட்டால்?

முனையம்:
லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து இம்போர்ட் செய்வேன். பூல் அங்கேதான் இருக்கும்.

சுழல்தட்டு:
ஈசிசி இருந்தால் இருக்கும்.