ஊரடங்கு கேஸ்: அமெரிக்க விசா ஃபார்மில் ‘ஆம்’ போடுவதா, ‘இல்லை’ போடுவதா?

தாமிரபரணி:
தங்கைக்கு டாலஸில் பிரசவம். அம்மாவுக்கும் எனக்கும் சுற்றுலா விசா போட வேண்டும். 2020 ஏப்ரலில் அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போனபோது என்னைப் பைக்கோடு பிடித்தார்கள். ஸ்டேஷனில் உட்கார வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். பைக் 18 நாள் கழித்துத்தான் கிடைத்தது. இ.பி.கோ. 188 (அரசு உத்தரவை மீறியது), 269 (நோய் பரவும்படி அலட்சியமாக நடந்தது) என்று எஃப்.ஐ.ஆர். அதற்குப் பிறகு கோர்ட்டுக்குக் கூப்பிடவே இல்லை. டிஎஸ்-160 ஃபார்மில் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா’ என்ற கேள்வி வருகிறது. ஃபார்ம் நிரப்பித் தருபவர் ‘இல்லை’ போடச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

முன்னாள் ஏஜென்ட்:
‘இல்லை’ போடுங்கள் தம்பி. 12 வருடம் இந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில், அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஊரடங்கு வழக்குகளை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். சுமார் 10 லட்சம் வழக்குகள். வன்முறை, இ-பாஸ் மோசடி, போலீஸை வேலை செய்யவிடாமல் தடுத்தது போன்ற வழக்குகளை மட்டும்தான் வாபஸ் வாங்காமல் விட்டுவைத்தார்கள். மாத்திரை வாங்கப் போனவரைப் பிடித்ததே அநியாயம். அதை நீங்களே தூக்கிக்கொண்டு போய் தூதரக நேர்காணல் கவுன்டரில் வைப்பானேன்? அங்கே உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். ‘ஆம்’ என்றால் முழு நேரமும் அந்தக் கேஸிலேயே போய்விடும். முடிவைத் தள்ளிவைக்கும் 221(ஜி) தாளைக் கொடுத்து ஆவணம் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். குழந்தை பிறந்து தவழ ஆரம்பித்த பிறகுதான் நீங்கள் போய்ச் சேருவீர்கள்.

சட்டக்கல்லூரி98:
அண்ணே, அந்தக் கேள்வியை முழுசாகப் படியுங்கள். கைது, தண்டனை இரண்டையுமே கேட்கிறார்கள். மன்னிப்போ பொதுமன்னிப்போ கிடைத்திருந்தாலும் சொல்ல வேண்டும் என்று அதே வரியில் இருக்கிறது. கேஸ் வாபஸ் ஆனதால், நடந்த கைது நடக்காமல் போய்விடாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 188, 269 இரண்டிலும் அதிகபட்சம் 6 மாதம்தான் தண்டனை. திருட்டு, மோசடி மாதிரி ஒழுக்கக்கேடான குற்றமும் இல்லை. ‘ஆம்’ போடுவதாலேயே அமெரிக்காவின் கதவு மூடிவிடாது. விசாவுக்காகப் பொய் சொன்னார் என்று அதிகாரி முடிவு கட்டினால்தான் ஆபத்து. அப்போது விழும் தடைக்குக் கெடுவே கிடையாது, ஆயுசுக்கும் நிற்கும். பிறகு ஒவ்வொரு முறையும் விலக்கு கேட்டுத்தான் உள்ளே போக முடியும்.

தம்பி, முதலில் ஸ்டேஷனில் கொடுத்த தாளைத் தேடுங்கள். விசாரித்து அனுப்பினார்களா, கைது காட்டினார்களா என்பது அதில்தான் தெரியும்.

தாமிரபரணி:
கிடைத்துவிட்டது சார். ஆர்.சி. புக் உறைக்குள் நாலாக மடித்துக் கிடந்தது. கார்பன் நகல், பாதி எழுத்து மங்கிவிட்டது. ‘காலை 11.40-க்குக் கைது செய்து, 4.15-க்குச் சொந்தப் பிணையில் விடப்பட்டார்’ என்று இருக்கிறது. கீழே என் கையெழுத்து, பக்கத்தில் சித்தப்பாவுடையது. அன்றைக்கு இதைப் படித்துப் பார்க்கக்கூட இல்லை.

முன்னாள் ஏஜென்ட்:
அந்தக் கார்பன் தாள் உங்கள் வீட்டைத் தாண்டி எங்கே போகப்போகிறது? நம் ஊர் ஸ்டேஷன் பதிவேட்டை அமெரிக்க அதிகாரி புரட்டிப் பார்க்கிறாரா? சட்டம் பேசுவது சுலபம் சார். விசா கிடைக்காமல் தூதரக வாசலில் நின்று அழுத பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டொராண்டோ அக்கா:
எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் கொழுந்தனார் சென்னையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி கோர்ட்டில் அபராதம் கட்டியவர். ‘டிராஃபிக் ஃபைன்தானே’ என்று ஏஜென்ட் கனடா ஃபார்மில் ‘இல்லை’ போட்டுவிட்டார். விசாவும் வந்தது, வேலையும் கிடைத்தது. பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பத்தில் அதே கேள்வி மறுபடி வந்தபோது பயந்துபோய் உண்மையைச் சொன்னார். 2018 டிசம்பரிலிருந்து குடித்து ஓட்டுவதே இங்கே கடுங்குற்றக் கணக்கில்தான் வருகிறது, ஆனாலும் அதற்கு விளக்கம் கொடுத்திருக்கலாம். முன்பு மறைத்ததற்குத்தான் 5 வருடத் தடை விழுந்தது. வாங்கிய சோபாவுக்குத் தவணைகூட முடியவில்லை, பெட்டி கட்டிக்கொண்டு திரும்பினார். அந்த ஏஜென்ட் இன்றுவரை ஒரு போன் பண்ணிக் கேட்கவில்லை.

தம்பி, நாளைக்கு உங்கள் தங்கை சிட்டிசன் ஆகி, நீங்கள் அங்கேயே குடியேற மனு போட்டால் 15 வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அப்போது போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள், இந்தப் பழைய ஃபார்மும் அவர்களிடம் அப்படியே இருக்கும். அத்தனை வருடம் இந்த ஒரு பொய்யைச் சுமக்க முடியுமா?

மதுரைக்காரன்:
எல்லா நாடும் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஷெங்கன் ஃபார்மில் இந்தக் கேள்வியே இல்லை. சிங்கப்பூர் விசா ஃபார்ம் கோர்ட் தண்டனையைத்தான் கேட்கிறது. அதனால் பெட்டி கேஸ் என்று அபராதம் கட்டியவர்கள் கவனமாக இருங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய பணம் தண்டனைக் கணக்கில்தான் வரும். சரி, எனக்கு ஒரு சந்தேகம்: எஃப்.ஐ.ஆர். இருந்தால் பாஸ்போர்ட்டே தரமாட்டார்கள் என்கிறார்களே?

சட்டக்கல்லூரி98:
வெறும் எஃப்.ஐ.ஆர். அதற்குத் தடை இல்லை. பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) சொல்வது கோர்ட்டில் நிலுவையில் இருக்கும் வழக்கை. விசாரணை நிலையில் இருக்கும் எஃப்.ஐ.ஆர். அதில் வராது என்று வெளியுறவு அமைச்சகமே 2019-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. 188-க்கு போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்று 2018-லேயே சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லிவிட்டது. விளக்கக் கடிதத்தில் இதை ஒரு வரி சேர்க்கலாம்.

முன்னாள் ஏஜென்ட்:
அக்கா சொன்னதைப் படித்தபின் ‘இல்லை’ போடுங்கள் என்று அழுத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேஸ் முடிந்ததற்குத் தாள் இல்லாமல் ‘ஆம்’ போடாதீர்கள், அங்கேதான் இழுத்தடிப்பார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் கிடைக்கும். மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்பதற்கு கோர்ட்டில் சான்றிட்ட நகல் வாங்குங்கள், ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அம்மாவின் ஃபார்மை உங்களோடு சேர்க்காமல் முதலில் அனுப்பிவிடுங்கள். பிரசவத்துக்கு அவர்களாவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும்.

தாமிரபரணி:
அம்மாவுக்கு இன்று ராத்திரியே தனியாகப் போட்டுவிடுகிறேன். என் ஃபார்மை நானே நிரப்பிக்கொள்கிறேன். கடைசிப் பக்கத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு, எல்லாம் உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டியவன் நான்தானே. திங்கட்கிழமை கோர்ட் நகல் பிரிவுக்குப் போகிறேன். எஃப்.ஐ.ஆர். எண் மட்டும் கையில் இருந்தால் போதுமா சார், இந்தக் கார்பன் தாளையும் எடுத்துக்கொண்டு போகவா?

சட்டக்கல்லூரி98:
இரண்டையும் எடுத்துப் போங்கள். கார்பன் தாளை இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் போட்டு வைத்துவிடுங்கள், அப்புறம் அதுவும் அழிந்துவிடும்.