அந்த கேப்சூல் வாங்கலாமா?

குழு: அப்பத்தா வீடு

மேலூர் அத்தை:
*பலமுறை பகிரப்பட்டது* "மூளை செல்களைக் காக்கும் வளர்ச்சிக் காரணி, இப்போது கேப்சூலில்!! மறதிக்கு முற்றுப்புள்ளி!!"
அம்மாவுக்கு வாங்கலாமா?

சித்தி:
வாங்கலாம் மதினி. நேற்றும் பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்கள். பாத்திரம் கரிக்கட்டை.

பெரியப்பா:
எவ்வளவாம்?

மேலூர் அத்தை:
மாதம் ஆறாயிரம் அண்ணே.

பெரியப்பா:
ஆத்தாடி!

பாப்பா:
அத்தை, பணம் கட்டிவிடாதீர்கள். வளர்ச்சிக் காரணி நிஜம். கேப்சூல்தான் புருடா.

சித்தப்பா:
நீ பயோகெமிஸ்ட்ரிதானே, விளங்கச் சொல்லும்மா.

பாப்பா:
நரம்புச் செல் சாகாமல் இருக்கச் சில புரதங்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவைதான் வளர்ச்சிக் காரணிகள். முதலில் தெரியவந்தது என்ஜிஎஃப், அதாவது நரம்பு வளர்ச்சிக் காரணி. கண்டுபிடித்தவர் இத்தாலிக்காரர் ரீட்டா லெவி-மொன்டால்சினி. யூதர் என்று வேலையைப் பறித்தபோது படுக்கையறையிலேயே கோழிக்கருவை வைத்து ஆராய்ச்சி செய்த ஆள். 1986இல் ஸ்டான்லி கோஹனோடு நோபல். 103 வயது வரை இருந்தார்.

பெரியப்பா:
103ஆ! அந்த அம்மா என்ன சாப்பிட்டது என்று கேட்டுச் சொல் 😂

பாப்பா:
😄 அல்சைமர் என்கிற மறதி நோயில் சீக்கிரமே அடிவாங்குவது, மூளையின் அடிப்பக்கம் இருந்து, ஞாபகத்துக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள். அவை என்ஜிஎஃபை நம்பி இருப்பவை. விலங்குகளுக்குக் கொடுத்தபோது சாக இருந்த செல்கள் பிழைத்தன. பிடிஎன்எஃப் என்று இன்னொன்று. ஞாபகம் பதியும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் அதற்கு வேலை, அல்சைமர் வந்தவர்களுக்கு அங்கே அது குறைந்திருக்கிறது.

மேலூர் அத்தை:
அப்போ கொடுத்தால் நல்லதுதானே?

பாப்பா:
எப்படிக் கொடுப்பது அத்தை? வாயில் போட்டால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வயிற்றிலேயே செரித்துவிடும். ஊசி போட்டாலும் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போக விடாத தடுப்பு இருக்கிறது. ஸ்வீடனில் என்ஜிஎஃபைக் குழாய் வழியாக மூளை நீரிலேயே விட்டார்கள். வலி, எடை குறைவு, நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவில் மண்டையில் துளை போட்டு அதன் மரபணுவையே வைத்துப் பார்த்தார்கள், 49 பேரிடம் சோதனை. 2018இல் முடிவு வந்தது: பலன் இல்லை. பிறகு இறந்தவர்களின் மூளையைச் சோதித்தால், மருந்து அந்தச் செல்கள் வரை பரவவே இல்லையாம்.

சித்தப்பா:
அடடா, குறி தப்பிவிட்டதா.

பாப்பா:
அதேதான். இப்போது பிடிஎன்எஃப் மரபணுவை எம்ஆர்ஐயில் பார்த்துக்கொண்டே வைத்து, சில பேரிடம் மட்டும் சோதிக்கிறார்கள். கடைக்கு வரும் கட்டமே இல்லை.

சித்தி:
டாக்டர் எழுதிய மறதி மாத்திரை, டோனெபெசில்?

பாப்பா:
அது செல்லைக் காப்பாற்றாது சித்தி, இருக்கிற அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்ளும். நிறுத்திவிடாதீர்கள். நடக்கவும் வையுங்கள். 2011இல் வந்த ஆய்வில், ஒரு வருடம் நடந்த முதியவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் பெருத்தது, கூடப் பெருத்தவர்களுக்கு ரத்தத்தில் பிடிஎன்எஃபும் கூடியிருந்தது. ஆனால் அவர்களுக்கு மறதி நோய் கிடையாது. அப்பத்தாவுக்கு அப்படியே நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

சித்தப்பா:
சரி, சாயந்திரம் தெப்பக்குளம் கூட்டிப்போகிறேன். நாலு சுற்று?

பாப்பா:
சித்தப்பா!! ஒரு கரை போதும், முழங்கால் என்ன ஆவது.

பெரியப்பா:
அப்படியே பருத்திப்பால் ஒரு டம்ளர் வாங்கிக் கொடு.

சித்தி:
அத்தைக்கு சுகர் 240 மாமா.

பெரியப்பா:
அப்போ எனக்கு வாங்கி வரச் சொல்.