கப்பல் சுற்றுலாவில் சுருட்டு: பால்கனியில் பிடிக்கலாமா?

அண்ணாநகர்வாசி:
அடுத்த மாதம் குடும்பத்துடன் சென்னையிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து கப்பல் சுற்றுலா புறப்படுகிறோம். இரவு உணவு முடிந்ததும் கடலைப் பார்த்தபடி நிதானமாக ஒரு சுருட்டுப் பிடிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை; அதற்காகவே பால்கனியுள்ள அறையைக் கூடுதல் கட்டணம் செலுத்திப் பதிவு செய்திருக்கிறேன். பத்துச் சுருட்டுகளை எடுத்துச் செல்வதில் சிக்கல் உண்டா, அவை கெடாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.

காசிமேட்டார்:
பால்கனியை மறந்துவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அறையிலும் பால்கனியிலும் புகைப்பதைத் தடை செய்துள்ளன; மீறினால் அபராதம் அறைக் கணக்கில் ஏறிவிடும். 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனிகளில் பரவிய தீயில் ஒரு பயணி உயிரிழந்தார். அணைக்காமல் விடப்பட்ட சிகரெட்டே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. பிடித்து மிஞ்சிய சுருட்டுத் துண்டைக் கடலில் எறிவதும் குற்றம். அது காற்றில் திரும்பி வந்து கீழ்த்தளத்தில் காயும் துணிமேல் விழவும் கூடும். புகைக்க அனுமதித்த திறந்த தளம் எது, அங்கே சிகரெட்டுடன் சுருட்டுக்கும் இடமுண்டா, தனிச் சுருட்டு அறை உண்டா என்று முகவரிடம் இப்போதே கேளுங்கள்.

மயிலைப் பயணி:
சுங்கத்தையும் கவனியுங்கள். சிங்கப்பூரில் புகையிலைக்குத் தீர்வைச் சலுகை கிடையாது. ஒரே ஒரு சுருட்டானாலும் சிவப்புத் தடத்தில், அதாவது தீர்வைக்குரிய பொருள் வைத்திருப்போர் செல்லும் சுங்க வழியில், அறிவித்து, எடைக்கேற்பத் தீர்வை செலுத்த வேண்டும். கப்பல் திரும்பி வந்து இறங்கும்போது மிச்சமிருப்பவற்றுக்கும் இதே விதிதான். சென்னைக்குத் திரும்புகையில் 25 சுருட்டுகள்வரை தீர்வையில்லை. சுடர் பீறிட்டு எரியும் டார்ச் லைட்டரைக் கைப்பையிலோ பெட்டியிலோ வைக்காதீர்கள், விமான நிலையத்திலேயே பறிபோகும்.

காசிமேட்டார்:
பாதுகாப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் புகையிலை வண்டு பொரிக்குமே என்று அஞ்சிப் பழகிய நாம், கப்பலில் அதற்கு நேரெதிரான தொல்லையைச் சந்திக்கிறோம்: இடைவிடாத ஏசியில் சுருட்டைச் சுற்றியுள்ள மேலிலை காய்ந்து, வெட்டும்போதே நீளவாக்கில் பிளக்கும். காற்றுப் புகாத சிறு டப்பாவில் ஈரப்பதத்தை 65 அல்லது 69 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் சிறு பொதி ஒன்றைப் போட்டு வைத்தால் போதும். அறையிலுள்ள ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம்.

திறந்த தளத்தில் காற்றுதான் எதிரி. காற்றுப் படும் பக்கம் மட்டும் வேகமாக எரிந்து சுருட்டு கோணலாகும். புகை சூடேறிக் கசக்கும். ஆகவே காற்று மறைவான பக்கத்தில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஓர் இழுப்புக்கு மேல் போகாதீர்கள். நீளமானதைவிட ரொபஸ்டோ எனப்படும் ஐந்து அங்குலத் தடித்த சுருட்டே இதற்குத் தோது. அதற்கே முக்கால் மணி நேரம் ஆகிவிடும்.

அண்ணாநகர்வாசி:
இருவருக்கும் நன்றி. பால்கனி இனி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். ஊர்ப்பற்றின் பேரில் உறையூர்ச் சுருட்டு இரண்டைச் சேர்த்து எடுத்துச் செல்லலாமா?

மயிலைப் பயணி:
தாராளமாக. இரு முனையும் திறந்தே இருப்பதால் வெட்டுகருவி தேவையில்லை. ஆனால் காரமும் நெடியும் அதிகம், ஆதலால் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போன பிறகு பற்றவையுங்கள்.